கல்பாசி எந்தப் பக்கம்?

விலங்கும் மரமும் பூண்டும் ஒரே மொழியில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகப் புரிந்தது. அதனால் சண்டையும் நிறைய நடந்தது. கருமேனி மலையில் நடந்த சண்டை தண்ணீரைப் பற்றியது.

அந்த மலைக்கு ஒரே ஒரு சுனை. பாறை இடுக்கில் ஊறி, ஒரு குழியில் தேங்கி, மடை வழியாகச் சரிவில் இறங்கும். அந்தத் தண்ணீருக்கு முறை வைத்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து உச்சிவேளை வரை நடக்கிறவர்களின் முறை. காட்டெருமை, மிளா, கீரி, காட்டுக்கோழி எல்லோரும் வந்து குழியில் வாய் வைத்துக் குடிப்பார்கள். உச்சி சாய்ந்ததும் நிற்கிறவர்களின் முறை. மடை திறக்கும், தண்ணீர் சரிவில் ஓடி மரம், கொடி, புல் என்று எல்லா வேரையும் நனைக்கும். திறப்பதும் அடைப்பதும் நண்டு அண்ணாச்சியின் வேலை. அவர் எப்போதும் பக்கவாட்டில் நடக்கிறவர். எந்தப் பக்கம் சாய்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் இரண்டு பக்கமும் அவரை நம்பியது.

முறை தொடங்கும் முன் ஒரு வழக்கம் உண்டு. "நான் நடக்கிறவன்" என்றோ "நான் நிற்கிறவள்" என்றோ உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னவருக்குத்தான் பங்கு. பாம்பு நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஊர்ந்து வந்தது. பெரிய இடத்துப் பிள்ளை என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

குடைச்சி மட்டும் இதுவரை எதுவும் சொன்னதில்லை. அவள் காளான். விழுந்த மரங்களுக்கு அடியில், ஈரமான நிழலில் இருந்தாள். வெளியே தெரிவது ஒரு சாம்பல் நிறக் குடை. அதற்குக் கீழே அவள் உடம்பு வெள்ளை நூல் நூலாக மண்ணுக்குள் ஓடியது. மழை ஒழுங்காகப் பெய்த வரை மண்ணின் ஈரமே அவளுக்கும் அவள் தங்கைமார்களுக்கும் போதுமாயிருந்தது. யாரும் அவளிடம் பக்கம் கேட்கவில்லை. அவளும் கேட்க விடவில்லை. கேள்வி கேட்பது தன் வேலை, மற்றவர் வேலை இல்லை என்பது அவள் எண்ணம்.

பிறகு மழை பொய்த்தது, மண்ணும் காய்ந்தது. சுனை சுருங்கி, குழியின் அடிக் கல் தெரிந்தது. சுனைக்கரையில் கூட்டம் போட்டார்கள். நடக்கிறவர்களுக்குத் தலைவர் காட்டெருமையார். நிற்கிறவர்களுக்குத் தலைவர் மடையை ஒட்டி நின்ற மருதமரத்தார். கூடிப் பேசி ஒரு முடிவு சொன்னார்கள்: இனி உயிருள்ளவர்களுக்கு மட்டும் தண்ணீர். அவரவர் தன் பக்கம் சொல்ல வேண்டும், அந்தப் பக்கத்துத் தலைவர் ஆமாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

குடைச்சியின் முறை வந்தது.

"நீ நம்ம பக்கம் இல்ல தாயி," என்றார் மருதமரத்தார், அவள் வாய் திறப்பதற்கு முன்பே. "நம்ம பக்கத்துல எல்லாரும் வெயில்ல சமைச்சுச் சாப்பிடுறவங்க. நீ வெயிலைக் கண்டா ஒளியுற. விழுந்து கிடக்கிறதைத் தின்னுற. போன வருஷம் என் தம்பியைத் தின்ன."

"உங்க தம்பி செத்து மக்கிக் கிடந்தார். நான் தின்னலைன்னா இந்தச் சரிவு முழுக்க உங்க சொந்தக்காரங்க கட்டை கட்டையாக் கிடந்திருப்பாங்க. உங்க வேரு ஊனி நிக்கிற மண்ணு எங்கேருந்து வந்ததுன்னு நினைச்சீங்க?"

மருதமரத்தார் இலையை மட்டும் அசைத்தார். குடைச்சி காட்டெருமையார் பக்கம் திரும்பினாள்.

"எங்களைப் பாக்காதே," என்றார் அவர். "நீ நடக்கிறவ இல்ல."

"உங்களை மாதிரி நானும் அடுத்தவர் சமைச்சதைத்தான் சாப்பிடுறேன். நீங்க புல்லைத் தின்னுறீங்க, நான் கட்டையைத் தின்னுறேன்."

"தின்னா போதுமா? உயிர்னா அசையணும்."

"மேகம் அசையுதே. போன ஆடிக் காத்துல உச்சியிலிருந்து ஒரு பாறை உருண்டு வந்துச்சே, உங்களை விட வேகமா. அதுக்கும் பங்கு வச்சிருக்கீங்களா?"

கீரி சிரித்தது. காட்டெருமையார் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டது.

"வளரணும்," என்றார் மருதமரத்தார். "அசையறது பெரிசில்ல. உயிர்னா வளரணும், சாப்பிடணும், மூச்சு விடணும், தன்னைப் போலக் குட்டி போடணும்."

"அப்ப நெருப்புக்குக் கொடுங்க தண்ணியை," என்றாள் குடைச்சி. "நெருப்பு வளருது. கிடைச்சதைச் சாப்பிடுது. காத்து இல்லைன்னா மூச்சு முட்டிச் சாகுது. போன கோடையில அது இந்த மலையில எத்தனை குட்டி போட்டுச்சுன்னு எல்லாரும் ஓடி ஓடிப் பாத்தீங்க."

கரை முழுக்க ஒரு சலசலப்பு. நெருப்பின் பேரைக் கேட்டதும் புற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கீரி இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இரண்டு தலைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மனதார ஒத்துப்போன முதல் விஷயம் இந்தப் பெண்ணை எப்படியாவது வாயடைக்க வேண்டும் என்பதுதான்.

நண்டு அண்ணாச்சி கண்களைத் தண்டோடு நீட்டி அவளைப் பார்த்தார். "தாயி, கேள்வியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நெருப்புக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அதுக்குப் பதில் உன்கிட்ட இருக்கா?"

குடைச்சியிடம் இல்லை. வாதத்தில் முன்னால் போய்க்கொண்டே இருந்தவள் திடீரென்று பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். ஆனால் இல்லை என்று சொல்வது அவள் வழக்கத்தில் இல்லை.

"இருக்கு. சொல்ல மாட்டேன், செஞ்சு காட்டறேன். உங்க சுனையில ஒரு சொட்டுக்கூடத் தொடாம, மேல இருக்கிற அந்த மொட்டைப்பாறையில போய் இருக்கேன். அடுத்த மழை வரும்போது எல்லாரும் வந்து பாருங்க. நான் உயிரோட இருந்தா, பக்கம் கேக்கிற இந்த வழக்கத்தை எடுத்துடணும்."

"இல்லைன்னா?" என்றார் காட்டெருமையார்.

"இல்லைன்னா, எங்க கூட்டத்துக்கே உயிர் இல்லைன்னு வச்சுக்குங்க. நாங்க யாரும் இனிமே தண்ணி கேட்டு வர மாட்டோம்."

தங்கைமார்களின் குடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின. அப்போதுதான் என்ன பேசிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஆனால் நண்டு அண்ணாச்சி கொடுக்கைத் தட்டிவிட்டார். அந்த மலையில் கொடுக்குத் தட்டினால் தட்டியதுதான்.

மொட்டைப்பாறை என்பது சும்மா வைத்த பேர் இல்லை. அதன் மேல் ஒரு புல்லோ ஓர் எறும்போ கிடையாது. குடைச்சி நடக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. நூல்களை நீட்டி, நீட்டிய இடத்துக்குத் தன்னை இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே பரவினாள். வழியில் ஒரு மக்கிய சுள்ளியைப் பற்றிக்கொண்டாள். பாறையில் அதுதான் அவள் சாப்பாடு. அது தீர்ந்த பிறகு பாறையில் பாறை மட்டும் இருந்தது. பகலில் அடி சுட்டது. வாதாட ஆள் இல்லாதது அதைவிடச் சுட்டது. குடையின் சதையில் தேக்கி வைத்திருந்த ஈரத்தை மட்டும் அவள் தொடவே இல்லை. அந்தக் குடைதான் அவள் அழகு, அவள் கூட்டத்தின் அடையாளம்.

அந்த நேரத்தில் கீழே நண்டு அண்ணாச்சி மடையைத் தூர் வாரிக்கொண்டிருந்தார். தண்ணீர் குறைந்தால் மடையில் ஒட்டியிருப்பதை எல்லாம் சுரண்டி எடுத்துவிடுவது அவர் வழக்கம். ஒரு சொட்டுகூட அதில் சிக்கிக்கொள்ளக் கூடாது. கொடுக்கால் சுரண்டியதை உருட்டி, அந்தப் பக்கம் பறக்கிற காகத்திடம் தூரப் போடச் சொல்வார். காகம் அன்றைக்கு மொட்டைப்பாறை மேல் பறந்தபோது வாய் திறந்து கத்தியது. குடைச்சிக்குப் பக்கத்தில் பச்சையாக ஏதோ சொத்தென்று விழுந்தது.

"யாரது, மதினியா?" என்றது பச்சை.

அவன் பாசி. மடைக் கல்லில் ஒட்டிக்கொண்டு வாழ்ந்தவன். மிதித்தவர்கள் எல்லாம் சறுக்கி விழுந்ததால் வழுக்கன் என்று பேர். சுனைக்கு வருகிற எல்லாப் பெண்களையும் மதினி என்று கூப்பிடுவான்.

"யாருக்கு யார் மதினி? நீ எப்படி இங்க வந்த?"

"அண்ணாச்சி தூர் வாரினார். என்னையும் சேர்த்து வாரிட்டார். நான் நிக்கிறவன் பக்கம், பங்கு இருக்குன்னு சத்தமாச் சொன்னேன். தூருக்கு ஏதுடா பக்கம்னுட்டார்."

"மருதமரத்தார் கேக்கலையா?"

"அவர் வேருக்கு வர்ற தண்ணியை நான்தான் மறிக்கிறேனாம். அவர்தான் முதல்ல சுரண்டச் சொன்னாராம்."

குடைச்சிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. பக்கம் இருந்தவனுக்கும் அதே பாறைதான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது: அவள் பசித்திருந்தாள். அவளுக்கே தெரியாமல் அவள் நூல்கள் எல்லாம் அவன் இருந்த பக்கம் சாய்ந்திருந்தன.

வழுக்கன் அதைப் பார்த்துவிட்டான். "என்ன மதினி, சாப்பிடப் போறீங்களா?"

"நான் செத்ததைத்தான் சாப்பிடுவேன்."

"அப்படின்னா கொஞ்சம் பொறுங்க. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும். ஓரமெல்லாம் ஏற்கெனவே முறுகிடுச்சு."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான், ஆனால் அது உண்மை. வெயில் அவன் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. பச்சை மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"என்ன கொடுமை பாருங்க," என்றான். "இந்தளவு வெயில் மடையில எனக்குக் கிடைச்சதே இல்ல. ஒரு துளி ஈரம் இருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சமைச்சிருவேன். வெயில் இருக்கு, அடுப்பு இருக்கு. தண்ணிதான் இல்ல."

குடைச்சி மனதுக்குள் கணக்குப் போட்டாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால் மாலையில் ஒரு வேளை வயிறார உண்ணலாம். அதன் பிறகு மறுபடி பாறை. இல்லாவிட்டால் குடையைப் பிரிக்க வேண்டும். பிரித்த குடை திரும்ப வராது; அவளுடைய தங்கைமார் எங்காவது பார்த்தால்கூட அவர்களுக்கு அவளை அடையாளம் தெரியாது. பிரித்த பிறகும் அவன் செத்துவிட்டால், குடையும் போய்விடும், ஈரமும் போய்விடும்.

நெருப்பாக இருந்தால் என்ன செய்திருக்கும் என்று நினைத்தாள். நெருப்பு யோசித்தே இருக்காது. எட்டியதைத் தின்றுவிட்டு, தின்பதற்கு வேறொன்றும் இல்லாமல் அணைந்திருக்கும்.

"நகர்ந்து வா," என்றாள். "மதினின்னு மட்டும் இன்னொரு தடவை சொன்ன, விழுங்கிடுவேன்."

அவள் குடையைப் பிரித்தாள். சதை சதையாக இருந்தது நூல் நூலாக இறங்கியது. வழுக்கனின் கீழே ஒரு விரிப்பு விரித்து, மேலே ஒரு மெல்லிய தோல் போர்த்தி, நடுவில் அவனை வைத்து, தன்னிடம் இருந்த ஈரத்தை எல்லாம் அவனைச் சுற்றி விட்டாள். தோல் வழியாக அளவாக வெயில் உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் நூல்களில் ஏதோ இனிப்பாக இறங்கியது.

"எப்படி இருக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"சப்புன்னு இருக்கு."

"உப்பு இல்லாம எப்படி இருக்கும்? கீழே கல்லைக் கொஞ்சம் சுரண்டித் தாங்க, போடறேன்."

அவள் நூல் முனையால் பாறையைக் கரைத்துச் சுரண்டிக் கொடுத்தாள். விடியலில் பனி விழுந்தபோது தோலால் அதை உறிஞ்சிப் பிடித்துவைத்தாள். அவன் சமைத்தான். ஒருவர் செய்ததை மற்றவர் குறை சொல்லிக்கொண்டே இருவரும் பாறையோடு பாறையாகப் படர்ந்தார்கள். நாளாக ஆக, இது என் நூல், இது உன் பச்சை என்று பிரித்துச் சொல்வது அவர்களுக்கே சிரமமானது.

ஆனால் மழை வரவில்லை. கடைசியில் பனியும் நின்றது. பிடித்துவைத்த ஈரம் தீர்ந்துகொண்டே வந்தது.

"இப்ப என்ன செய்ய?" என்றான் வழுக்கன்.

"எல்லாத்தையும் நிறுத்திடுவோம். நீ சமைக்காதே, நான் சுரண்டலை. கடைசித் துளியைச் செலவழிக்காம, ரெண்டு பேரும் சுருண்டு மூடிக்குவோம்."

"அப்புறம் எழும்புவோமா?"

"தெரியாது."

"உங்க வாயில தெரியாதுன்னு வர நான் இந்தப் பாறைக்கு வர வேண்டியிருந்துச்சு," என்றான் அவன். பிறகு இருவரும் சுருண்டார்கள்.

மேற்கே முதல் மேகம் கறுத்ததும் கூட்டம் மலையேறியது. காட்டெருமையார் முன்னால் வந்தார். காளான் தங்கைமார்களில் ஒருத்தியை நண்டு அண்ணாச்சி தன் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர்கள் பக்கத்துக்கும் ஒருவர் பார்க்க வேண்டும் அல்லவா. மருதமரத்தார் கீழே இருந்தபடியே உச்சிக் கிளையால் எட்டிப் பார்த்தார்.

பாறையில் குடை இல்லை. காய்ந்த தோல் துண்டு போல ஏதோ சாம்பலும் கறுப்புமாகச் சுருண்டு ஒட்டியிருந்தது. காட்டெருமையார் முகர்ந்தார். குளம்பால் மெல்லத் தட்டினார். ஒரு துண்டு உடைந்து, பொரிந்த அப்பளம் போல நொறுங்கித் தள்ளிப் போய் விழுந்தது.

"கூப்பிட்டுப் பாருங்க," என்றாள் தங்கை.

அண்ணாச்சி கூப்பிட்டார். பதில் இல்லை.

"அக்கா பதில் பேசாம இருந்ததே இல்ல," என்றாள் தங்கை.

"இவ்வளவுதான்," என்றார் காட்டெருமையார். அவர் கெட்டவர் இல்லை. குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. "நல்லாத்தான் பேசினா. ஆனா பேச்சு பேச்சுதான். கல்லோட கல்லாப் போயிட்டா. அண்ணாச்சி, சொல்லிடுங்க."

அண்ணாச்சி கொடுக்கைத் தூக்கினார். தூக்கிய கொடுக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். அடுத்த சொட்டு கண்ணிலேயே விழுந்தது. பிறகு மழை பாறை முழுவதும் இறங்கியது.

எல்லோரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கை மட்டும் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருண்ட தோல் தண்ணீரைக் குடித்தது. முறுகிய ஓரம் இளகியது. மடிந்து கிடந்தது மெல்லப் பிரிந்து, பாறையில் படிந்து, சாம்பலுக்குள்ளிருந்து பச்சை எட்டிப் பார்த்தது.

"மதினி," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "யாரோ நம்மள மிதிச்சுட்டாங்க."

"தெரியும். குளம்பு யாரோடதுன்னும் தெரியும்," என்றது இன்னொரு குரல்.

காட்டெருமையார் பின்வாங்கினார். பின்வாங்கிய இடத்தில், அவர் உடைத்த துண்டு கிடந்தது. அதுவும் தண்ணீர் குடித்து, விரிந்து, பாறையைப் பற்றிக்கொண்டிருந்தது.

"பாத்துக் கால் வைங்கண்ணே," என்றாள் குடைச்சி. "அது எங்க பிள்ளை. உங்க புண்ணியத்துல பிறந்தது."

கீரி தரையில் விழுந்து சிரித்தது. இந்தத் தடவை யாரும் அதை அடக்கவில்லை. தங்கை நண்டின் முதுகிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, உன் குடை எங்கே?" என்று கேட்டாள். குடைச்சி தன் ஓரத்தை வழுக்கன் மேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இவனுக்குப் போர்த்திட்டேன்," என்றாள். பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினாள். "நெருப்புக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டீங்க. நெருப்புக்கு மிச்சம் வைக்கத் தெரியாது. கிடைச்சதைத் தின்னு தீர்த்து அணையும். அணைஞ்சா அதுவா எழும்பாது. நாங்க தீரப் போறோம்னு தெரிஞ்சதும் எங்களை நாங்களே மடிச்சு வச்சுக்கிட்டோம். காட்டெருமையார் ஓடிப் போய்த் தன்னைக் காப்பாத்திக்கிறார். மருதமரத்தார் கோடையில இலையைக் கொட்டிட்டு நின்னு காப்பாத்திக்கிறார். எல்லாரும் செய்யற வேலை ஒண்ணுதான், விதம்தான் வேற. விதத்தைப் பாத்து வேலையே நடக்கலைன்னு சொல்லிட்டீங்க."

மழை பெய்துகொண்டே இருந்தது. காட்டெருமையார் கொம்பில் வழிந்த தண்ணீரை உதறினார். "அதெல்லாம் சரி," என்றார். "நீ அவன் சமைச்சதைத் தின்னுற. அவன் வெயில்ல சமைக்கிறான். ரெண்டும் ஒரே உடம்பு. அப்ப இப்ப நீங்க எந்தப் பக்கம்?"

சொல்லிவிட்டு, தான் என்ன கேட்டோம் என்பது புரிந்து, அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தக் கேள்வி இனி கிடையாது," என்றார் நண்டு அண்ணாச்சி. கொடுக்கைத் தட்டினார். "தாகம் எடுத்தவங்க வரலாம். ஆனா உங்களை எல்லாரும் கூப்பிட ஒரு பேர் வேணுமே தாயி. என்ன பேர் வைக்க?"

குடைச்சி நீண்ட விளக்கம் ஒன்றுக்கு மூச்சு இழுத்தாள். அதற்குள் வழுக்கன் முந்திக்கொண்டான். "கல்லுமேல இருக்கிற பாசி, அவ்வளவுதானே. கல்பாசின்னு வைங்க."

அண்ணாச்சியின் கொடுக்கு அதற்கும் தட்டிவிட்டது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான்: கல்பாசிக்கு வேர் கிடையாது, இலை கிடையாது, குடையும் கிடையாது; ஒன்றும் விளையாத பாறையிலும் பட்டையிலும் படரும், கோடையில் செத்த தோலாய்ச் சுருளும், முதல் மழையில் எழும்பும், உடைத்துப் போட்டால் உடைந்த இடத்திலிருந்து இரண்டாகும். இரண்டு பேர் சேர்ந்த ஓர் உயிரை ஊர் இன்றும் பாசியின் பேரை மட்டும் சொல்லித்தான் கூப்பிடுகிறது. குடைச்சி அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் டப்பாவில் வாசனையே இல்லாமல் சருகாய்க் கிடக்கும் கல்பாசி, சூடான எண்ணெயில் விழுந்த மறுகணம் அடுப்படியைத் தாண்டித் தெரு வரைக்கும் போய்த் தன் வழக்கைப் பேசுகிறது.